தனிமனித மனச்சான்றும் சமுதாயமும்

இறக்கக்கண்டிக் கடற்கரையிலே கரைவலை இழுக்கையில் ஒருவன் கயிற்றை விட்டால், அவனது பாரம் ஏனையோர் மீது விழும். அங்ஙனமாயின், சமுதாயம் ஈடுபடும் செயல் பிழையென மனச்சான்று உரைக்குமிடத்துத் தனிமனிதன் செய்யத்தக்கது யாது? அமெரிக்கச் சிந்தனையாளரை நெடுங்காலம் அலைக்கழித்த வினா இது.

அடிமைமுறைக்குத் துணைநின்ற அரசுக்குத் தலைவரி செலுத்த மறுத்த தோரோ, 1846இல் ஓரிரவு சிறையிருந்தார். தீமைக்குத் துணைபோகாமையே தனிமனிதனின் முதற்கடமை என்பது அவர் துணிபு. இத்துணிபு உயர்ந்ததே. ஆயினும், விலகி நிற்பவனின் கை தூயதாகலாம். அடிமையின் விலங்கு அதனால் மட்டும் அறுந்துவிடாது.

இக்குறையைக் கிறிஸ்தவ மானிடவாதம் நிறைவு செய்ய முயன்றது. ஒவ்வொரு மனிதனும் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டவன். ஆதலின் எவரையும் வெறுங் கருவியாக்குதல் தகாது என்பது அதன் அடிப்படை. பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் இம்மரபைக் கற்ற மார்ட்டின் லூதர் கிங், 1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய மடலில் இதனைச் சமுதாய நெறியாக வளர்த்தார். மனித ஆளுமையைத் தாழ்த்தும் சட்டம் அநீதியானது. அதனை மீறுபவன் வெளிப்படையாக, அன்புடன் மீறித் தண்டனையையும் ஏற்றல் வேண்டும் என்றார். தண்டனையை ஏற்பதனால் அவன் சமுதாயத்தின் உறுப்பினனாகவே நிலைபெறுகின்றான்.

இனவெறியனும் தன் மனச்சான்றையே துணைக்கழைப்பானல்லவா எனச் சிலர் வினவலாம். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. துன்பத்தைத் தாங்கும் துணிவு வெறியனிடத்தும் உண்டு. எனவே இரண்டை ஒருங்கே நோக்குதல் வேண்டும்: அச்செயல் பிறரின் மனிதத்தன்மையை உயர்த்துகின்றதா? அதற்குரிய விலையைச் செலுத்துபவர் யார்? வெறியன் அவ்விலையைப் பிறர்மீது சுமத்துகின்றான்.

இவ்வளவுகோலுக்குரிய சான்று கிழக்கிலங்கைக்குப் புதிதன்று. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்து திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளிற் பணியாற்றிய இயேசு சபைத் துறவி யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார், போர்ச் சூழலிலும் தாயகம் திரும்பினாரல்லர். தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே துயருற்ற 1990 ஆகஸ்டில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன்சென்ற இளைஞருடன் காணாமற்போனார். இருவரும் மீண்டிலர்.

இத்தகையோரின் ஈகத்துக்குச் சமுதாயம் கைம்மாறு செய்யும் என்பதற்கு உறுதியில்லை. அவ்வுறுதியை வேண்டி நிற்பது மனச்சான்றும் ஆகாது. கயிற்றை விடாது நின்றே, வலை செல்லும் திசை தவறென உரத்துக் கூறுபவனிடத்தில்தான் தனிமனிதனும் சமுதாயமும் ஒருங்கே வாழ்கின்றன.