நாமே தூர்க்கும் கிணறுகள்



ஆதியாகமத்தின் 26ஆம் அதிகாரத்திலே ஈசாக்கைப் பற்றிய ஒரு சம்பவம் கூறப்பட்டுள்ளது. அவருடைய தந்தை ஆபிரகாமின் காலத்தில் வெட்டப்பட்ட கிணறுகளைப் பிலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்துவிட்டனர். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டினார். தந்தை இட்ட பெயர்களையே அவற்றுக்கு இட்டார். புதிய கிணறுகளையும் வெட்டுவித்தார். ஊற்றுக் கண்டதும் அவ்வூர் மேய்ப்பர்கள் வந்து, தண்ணீருக்கு உரிமை கோரிச் சச்சரவிட்டனர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் எமக்கு இது அந்நியமான கதையன்று. வற்றாத ஆறு எமக்கில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, எம் கிணறுகளில் ஊறுகிறது. இக்கிணறுகளைத் தூர்க்க இன்று பிலிஸ்தியர் வரவேண்டியதில்லை. அவ்வேலையை நாமே செய்துகொண்டிருக்கிறோம்.

நிலத்தின் கீழே நன்னீரானது உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள்: மேலே நன்னீர், ஆழத்திலே உப்பு நீர். நன்னீரின் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலெழக்கூடும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே ஓர் எல்லையாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

இன்னொரு தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவுக்கு மிஞ்சி இடும் யூரியாவும், மலக்குழிகளிலிருந்து கசிவதும் நைத்திரேற்றாகி நிலத்தடி நீரைச் சேர்கின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் இவ்வெல்லையைக் கடந்துள்ளதை 1980கள் முதல் ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. இதனால் முதலில் பாதிக்கப்படக்கூடியது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. அதன் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கலாம். தாய்மாரே, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று நீங்காது.

"என் காணி, என் கிணறு, என் மலக்குழி" என்கிறோம். வேலி நிலத்தின் மேலே மட்டுந்தான் நிற்கிறது. நான் குழிக்குள் விடுவது அயலவனின் வாளியில் ஏறுகிறது. ஆகவே இது சுகாதாரப் பிரச்சினை மாத்திரமன்று. அயலவனை நேசிக்க வேண்டுமென்ற கட்டளையைச் சார்ந்த விடயம். குற்றத்தைத் தோட்டக்காரர்மேல் மட்டும் சுமத்த வேண்டாம். எமது ஆலய வளவுகளிலும் பங்குமனைகளிலும் குழி எங்கே, கிணறு எங்கே என்று குருக்களாகிய நாங்களும் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆள்வோருக்கும் கடமையுண்டு. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் பெரிதானபோது, குடிக்கலாமா, கூடாதா என்ற எளிய கேள்விக்கு ஒரே விடை கிடைக்காமல் மக்கள் தவித்தனர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டுமென்ற நெறியின்படி 2 கோடி ரூபா செலுத்துமாறு தீர்ப்பளித்தது. நீதி வந்தது; ஆனால் தாகம் நீதிமன்றத் தவணைகளுக்குக் காத்திருப்பதில்லை. 2021இலே இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. நல்ல நோக்கமும், விஞ்ஞானத்தையும் விவசாயியையும் கேளாத அவசரமாக மாறினால், ஏழையே அதன் விலையைக் கொடுக்கிறான். பார்த்தும் வாளாவிருப்பது ஒரு பிழை; பாராமலே கட்டளையிடுவது மறு பிழை.

விஞ்ஞானம் விசுவாசத்துக்குப் பகையன்று. படைத்தவர் நிலத்துக்குள் வைத்த ஒழுங்கை அது எமக்கு வாசித்துக் காட்டுகிறது. இயற்கையைச் சிந்தனையின்றிச் சுரண்டும் மனிதன் ஈற்றில் தானே அதற்குப் பலியாவான் எனத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1971இலேயே எச்சரித்தார். பாதுகாப்பான குடிநீர் பெறுவது மனிதரின் அடிப்படை உரிமையென 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தமது சுற்றுமடலில் போதித்தார்.

நாம் செய்யக்கூடியவை பெரியனவல்ல. கிணற்று நீரைப் பரிசோதிப்போம். பசளையை அளந்து இடுவோம். மலக்குழியைக் கசியாதபடி கட்டுவோம். மழைநீரைத் தெருவில் ஓடவிடாது, தூர்ந்த குளங்களையும் கேணிகளையும் வாரித் தேக்குவோம். பரிசோதனை முடிவுகளை எமக்கு விளங்கும் தமிழில் வெளியிடுமாறு அதிகாரிகளைக் கேட்போம். அது எமது உரிமை.

பாஸ்கா இரவிலே குரு ஆசீர்வதிக்கும் தண்ணீர் எங்கோ இருந்து வருவதன்று. அது எங்கள் கிணற்றில் அள்ளியது. அதனாலேயே எம் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அவர்களின் தலையில் ஊற்றும் அந்தத் தண்ணீரை அவர்கள் வாயிலும் அச்சமின்றி ஊற்ற முடிகிறதா? ஈசாக்கு தன் தந்தையின் கிணறுகளைத் திறந்து கொடுத்தார். நாம் எம் பிள்ளைகளுக்கு எதை விட்டுச் செல்லப் போகிறோம்?