விதை யாருடைய உடைமை?

சாமை விளையும் ஜவ்வாது மலையாயினும் கீழ்நாட்டுச் சிற்றூராயினும், கொல்லையில் சுரை வளர்ப்போர் கொடியின் சிறந்த காயைப் பறிக்காது முற்றவிட்டு, விதையெடுத்துச் சாம்பல் புரட்டி, உலர்ந்த குடுக்கையிலே காப்பது பழைய வழக்கம். பிஞ்சில் பறித்தால் அன்றைய குழம்புக்கு ஆகும். முற்றினால் வாய்க்கு ஆகாது. இவ்வளவு விட்டுக்கொடுத்தவர், அண்டைவீட்டார் கேட்கும்போது "என் விதை" என்று மறுக்கலாமா?

உழைத்தவருக்கே உரிமை என்பாருளர். சுரைக்கொடி அதை ஒப்பவில்லை. அதில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு; பூச்சி தாது கொணர்ந்தாலன்றிக் காய் இல்லை. அத்தாது அடுத்த கொல்லையிலிருந்தும் வரும். ஆகவே நம் குடுக்கையில் அவர் பங்கும் கலந்திருக்கலாம். அவரை பெரும்பாலும் தன் தாதாலேயே காய்ப்பது. அதற்கு இவ்வாதம் பொருந்தாதுதான். ஆனால் அதன் முதல் விதையை நமக்கு ஈந்தவர் யார்? விதை காப்பவர் உடைமையாளரல்லர், அமானிதம் சுமப்பவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் பகிரவும், முத்திரைப் பெயரிடாமல் விற்கவும் உழவருக்கு இடமளிக்கிறது. விற்கலாம், ஆனால் நான்கு சுரைவிதைக்காக வாசலில் நிற்பவரிடம் விலை சொல்ல நா எழுமா? கொடுத்துவிடுவதே மேல். அடுத்த ஆண்டு நம் கொடி பட்டுப்போனால், அவர் வேலியில் அது படர்ந்திருக்கும்.