கருப்பட்டிக்குத் தூரம் ஒரு குறையா?

உள்ளூர் உணவையே உண்போம் என்று பேசுகிறவர்களில் சிலர், இணையத்தில் கருப்பட்டி வாங்குவதைக் கொள்கைக்கு முரணாகப் பார்க்கிறார்கள். சென்னையில் இருந்துகொண்டு 600 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து உடன்குடிக் கருப்பட்டியை வரவழைத்தால் அது எப்படி உள்ளூர் உணவாகும் என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது தூரத்தை மட்டுமே அளக்கிறது.

இந்த அளவுகோல் வந்த வழியும் உண்டு. 2005இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜெசிகா ப்ரென்டிஸும் அவருடைய தோழிகளும், ஆகஸ்ட் மாதம் முழுக்க 100 மைலுக்குள் விளைந்ததையே உண்போம் என்று அழைப்பு விடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து வெபர், மேத்யூஸ் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்க உணவைக் கணக்கெடுத்தபோது, அதனால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் பண்ணையிலிருந்து கடைக்குக் கொண்டுவரும் பயணத்தின் பங்கு சுமார் 4 சதவீதம்தான் என்று தெரிந்தது. விளைவிப்பதில்தான் பெரும்பங்கு இருந்தது.

கருப்பட்டி எப்படி விளைகிறது? பனையேறி காலையும் மாலையும் அதே மரத்தில் ஏறிப் பாளையைச் சீவுகிறார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால்தான் பதநீர் புளிக்காது. விடிலி என்னும் குடிசையில் அதைக் காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அடுப்புச் சூட்டில் நின்று, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றுகிறார்கள். நீர் வற்ற வற்றக் காய்ச்சிய இந்தப் பண்டம் என்றைக்கும் ஊர்விட்டு ஊர் போய் விற்றதுதான். இன்று கூரியரில் போகிறது, அவ்வளவே. கீரை, பால், இட்லி மாவு இவற்றின் கதை வேறு. அவை பக்கத்தில்தான் கிடைக்க வேண்டும்.

எனக்குள்ள கவலை வேறொன்று. சீனி கலந்த கருப்பட்டி மலிவாகச் சந்தையில் குவிகிறது. கலக்காமல் காய்ச்சுகிறவர் அந்த விலைக்குக் கொடுக்க முடியாது. முன்பணம் வாங்கிய வியாபாரிக்கே சரக்கைப் போட வேண்டிய கட்டாயமும் பல குடும்பங்களுக்கு உண்டு. அவர்கள் கையிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வர ஒரு கைபேசி உதவுமென்றால் அதை நான் முழுமனதோடு வரவேற்பேன். பெரிய தளங்களில் விற்கும் பாக்கெட்டில் பனையேறியின் பெயரும் இல்லை, அவருக்குப் போன தொகையும் தெரியவில்லை. ‘பாரம்பரியம்’ என்ற சொல் மட்டும் பெரிதாக அச்சாகியிருக்கிறது.

நான் வாங்குவது ஒரு பனையேறிக் குடும்பத்திடம். ஒரு ஐப்பசியில் கேட்டபோது அந்த வீட்டுப் பெண், “இருந்ததெல்லாம் தீந்துட்டு அக்கா, இனி பங்குனிக்கு மேலதான்” என்றார். பருவம் முடிந்தது, சரக்கு இல்லை என்று வாய்விட்டுச் சொல்லும் அந்த விற்பனையில்தான் உள்ளூர் உணவின் சாரம் இருக்கிறது. வருடம் முழுக்க எத்தனை கிலோ கேட்டாலும் அனுப்புகிறவரிடம் எனக்குச் சந்தேகம் வருகிறது.

அதே சமயம், அடுத்த தெருவில் மரச்செக்கு ஓடிக்கொண்டிருக்க, வேறு மாவட்டத்திலிருந்து கடலை எண்ணெயைக் கூரியரில் தருவிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் செக்குக்காரருக்கு அக்கம்பக்கத்தாரை விட்டால் வேறு வாடிக்கை ஏது?

நம் ஊரில் செய்வதை நம் ஊரிலேயே வாங்குவோம். இங்கே இல்லாததை வெளியூரிலிருந்து வாங்கும்போது, காய்ச்சியது யார், அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அங்கே பணம் கட்டாதீர்கள்.