மூட்டைக்குள் போகாத கை

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் வாங்க வரும் வியாபாரி, மூட்டையின் மேல்வாயைப் பார்த்து விலை பேசுவதில்லை. முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, விரலால் அழுத்திப் பார்ப்பார். ஈரம் தட்டினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி, பழைய கோட்டையின் அடியில் இருக்கும் அதே மாவட்டத்து ரஞ்சன்குடியில் அறுபதாயிரம் ரூபாய்க்கு இணையத்தில் செல்போன் வாங்குகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பணம் முதலிலேயே போய்விடுகிறது. கைக்கு வருவது டேப் சுற்றிய அட்டைப்பெட்டி.

நபிகள் நாயகம் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கை விட்டபோது விரல்கள் நனைந்ததாக ஹதீஸ் சொல்கிறது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் அதை ஏன் மக்கள் பார்க்கும்படி மேலே போடவில்லை என்று கேட்டார் நபி. நனைந்தது குற்றமில்லை, மறைத்ததுதான் குற்றம்.

இதே கேள்வியை கி.மு. 44-இல் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோவும் எடுத்தார். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வணிகன் தானியம் கொண்டுவருகிறான். பின்னால் வேறு கப்பல்களும் வருவது அவனுக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமா? சொல்லாமல் இருப்பது ஏமாற்றாகாது என்றார் தத்துவவாதி டயோஜெனிஸ். சொல்லியே ஆக வேண்டும் என்றார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம் நின்றார். நிற்க வேண்டிய பக்கமும் அதுதான்.

அந்தக் கதையில் வணிகன் ஒருவன்தான். இன்றைய இணையச் சந்தையிலோ கடைக்குப் பல முகங்கள். சரக்கு தன்னுடையதல்ல, இடம் மட்டுமே கொடுத்தேன் என்கிறது தளம். சரியாகத்தான் அனுப்பினேன் என்கிறார் விற்பனையாளர். ஒட்டிய பெட்டியை அப்படியே கொடுத்தேன் என்கிறது கூரியர். 2018 டிசம்பரில் நடிகை சோனாக்ஷி சின்ஹா 18,000 ரூபாய் ஹெட்போன் கேட்டு வாங்கிய பெட்டிக்குள் துருப்பிடித்த இரும்புத் துண்டு இருந்தது. வெளியில் பார்த்தால் பெட்டி புத்தம் புதிது. பெயர் தெரிந்தவர் என்பதால் ஊரே பேசியது. பழுது பார்த்த போனைப் புதிது என்றும், இந்தியாவில் வாரண்டி செல்லாத போனைச் செல்லும் என்றும் நம்பி வாங்குகிற சாதாரண ஆளுக்கு அந்தக் குரல் இல்லை. கைகள் பலவாகிவிட்டன என்பதற்காக அவருக்கு நேர்ந்த அநியாயம் துளியும் குறைந்துவிடாது.

2020-இல் வந்த மின்வணிக விதிகள் ஆன்டிபேட்டர் சொன்ன திசையில்தான் போகின்றன. விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு எண்ணைத் தளம் காட்டியாக வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

வாங்குகிறவர்களும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒருவர் வீடியோ எடுக்க, இன்னொருவர் முதலில் முகவரிச் சீட்டைக் காட்டி, பிறகு பிளேடால் டேப்பைக் கிழிக்கிறார். போனை எடுத்து *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும். அதைப் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணோடு சேர்த்துப் படிக்கிறார். இது மூட்டைக்குள் விடும் கையைப் போலத்தான். ஆனால் வெங்காய வியாபாரி பணம் கொடுப்பதற்கு முன்பு பார்க்கிறார்; இவர் கொடுத்த பிறகு சாட்சி சேர்க்கிறார். பெட்டியைத் திறந்து காட்டிய பிறகு கொடுக்கும் டெலிவரி இருந்தால் அதையே கேட்பது நல்லது. பொருளைப் பார்க்கும் வரை ஓடிபி சொல்லக் கூடாது.

அதையும் மீறி ஏமாந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் பதில் சொல்ல வேண்டிய இடம் பெரம்பலூர். மனுவில் விற்பனையாளர், தளம் இரண்டு பெயரையும் எதிர்தரப்பில் சேர்த்து எழுதலாம்.