போகச் சொல்லும் உரிமையும் போவதற்குரிய அவகாசமும்



ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் ஏழைத் தையற்காரர் ஒருவருக்கு இடம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை இல்லை, பத்திரமும் இல்லை. "மிஷினைப் போட்டுக்கொள்ளப்பா" என்ற வாய்ச்சொல் ஒன்றுதான். எட்டு வருடங்கள் கழிகின்றன. வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. திண்ணையை அடைத்து அறையாக்க வேண்டும். தையற்காரரைப் போகச் சொல்லலாமா? சொல்லலாமென்றால், எப்படிச் சொல்வது நியாயம்?

முதற் கேள்விக்கு விடை எளிது. சொல்லலாம். அவர் கொடுத்தது திண்ணையையல்ல, அதில் இருந்துகொள்ளும் அனுமதியை மட்டுமே. 1882-ஆம் வருடத்து இந்திய ஈஸ்மெண்ட் சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் அமுலுக்கு வந்த சட்டம். அதன் 52-ஆம் பிரிவின்படி இத்தகைய அனுமதியால் நிலத்தின்மேல் பாத்தியதை உண்டாவதில்லை. 60-ஆம் பிரிவின்படி கொடுத்தவர் அதை ரத்து செய்யலாம். அனுமதியை நம்பித் தம் செலவில் நிலையான வேலை செய்தவருக்கும், அனுமதியோடு சொத்துரிமையும் பெற்றவருக்கும் மட்டுமே விலக்கு உண்டு. வாடகை வாங்கி அறையை முழுவதும் ஒப்படைத்திருந்தால் அது குடிக்கூலி விவகாரம். அதற்குச் சட்டம் வேறு.

இரண்டாம் கேள்வியில்தான் பலர் இடறுகிறார்கள். "நான் கொடுத்ததே தர்மம். தர்மத்தை நிறுத்த நோட்டீஸ் எதற்கு?" என்பார்கள். சற்று யோசியுங்கள். உங்கள் சொல்லை நம்பியே அவர் வேறிடம் தேடாதிருந்தார். பிறருடைய துணிகளை வாங்கி வைத்திருக்கிறார். வாடிக்கைக்காரர்கள் அவரை அந்தத் திண்ணையில்தான் தேடி வருகிறார்கள். இடத்தைத் திரும்பப் பெறுவது உங்கள் உரிமை. அதோடு அவர் பிழைப்பையும் ஒரே நாளில் பறிப்பது உங்கள் உரிமையல்ல. ஆகையால் அவகாசம் என்பது நீங்கள் போடும் பிச்சையல்ல, நீதியின்படி அவருக்குச் சேரவேண்டிய கடன். அனுமதி ரத்தானபின் வெளியேறவும், தம் பொருட்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான காலம் பெற அவருக்கு உரிமையுண்டு என்று அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவும் சொல்லுகிறது.

எத்தனை நாள்? அப்பிரிவு கணக்குச் சொல்லவில்லை. லண்டன் நாடகக் கொட்டகை ஒன்றைப் பற்றிய வழக்கில், 1947-ஆம் வருடம் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையும் அனுமதியை ரத்து செய்யலாம், ஆனால் விலகுவதற்கு நியாயமான அவகாசம் வேண்டும் என்றே தீர்த்தது. நியாயமானது எது என்பதை அந்தந்தச் சூழ்நிலைதான் காட்டும். எத்தனை காலம் இருந்தார்? கையில் எவ்வளவு வேலை ஏற்றிருக்கிறார்? பண்டிகைக் காலமா? பக்கத்தில் வேறிடம் கிடைக்குமா? உங்கள் தேவை எவ்வளவு அவசரம்? இவற்றை நேர்மையாய் நிறுத்துப் பார்த்தால், ஒரு வாரம் போதுமா, இரண்டு மாதம் வேண்டுமா என்பது விளங்கும்.

"முன்கூட்டிச் சொன்னால் நகரமாட்டார்" என்ற அச்சமும் உண்டு. அதற்காக இரவில் பூட்டை மாற்றுவது நேர்மையாகாது. சொன்ன நாள் கடந்தும் ஒருவர் போகாவிட்டால் நீதிமன்றம் இருக்கிறது.

இடம் பெற்றவருக்கும் கடமை உண்டு. எட்டு வருடம் இருந்ததால் திண்ணை அவருடையதாகிவிடாது. நியாயமான தவணை பெற்றபின்னும் நகர மறுப்பது பிறர் பொருளைப் பிடித்து வைப்பதே. அன்றியும், ஒருவர் இப்படிச் செய்தால் அந்தத் தெருவில் இனி எந்த ஏழைக்கும் திண்ணை கிடைக்காது.

ஆகவே உங்கள் இடத்தில் யாரேனும் இப்படி இருந்தால், தேவை நிச்சயமானவுடனே சொல்லிவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை அச்சாகும்வரை காத்திராதீர்கள். பிறர் மூலம் சொல்லியனுப்பாமல் நேரில் சொல்லுங்கள். காரணத்தையும் கடைசித் தேதியையும் தெளிவாய்ச் சொல்லுங்கள். கூடுமானால் வேறிடம் தேடவும் உதவுங்கள். தேதி குறிப்பது நீதியின் கடமை; இடம் தேடித் தருவது அன்பின் செயல்.