பழைய கணினியும் குடமுழுக்கும்

கெர்னல் என்பது இயக்குதளத்தின் நடுப்பகுதி. நினைவகத்தைப் பங்கிடுவது, செயலிக்கு வேலை கொடுப்பது, வட்டு, விசைப்பலகை, திரை, வலையமைப்பு ஆகியவற்றோடு தொடர்பு கொள்வது எல்லாம் அதன் பொறுப்பு. லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருப்பதால், அதை ஒரு குறிப்பிட்ட கணினிக்கென்றே அமைத்துத் தொகுத்துக்கொள்ள முடியும். அமைப்பது என்றால் ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு விடை சொல்வது. இந்தச் சாதனத்துக்கான இயக்கி வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் கெர்னலோடு சேர்ந்தே இருக்க வேண்டுமா, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் தனிப்பகுதியாக இருந்தால் போதுமா? புதிய கணினி வைத்திருப்பவர் இந்தக் கேள்விகளைச் சந்திப்பதே இல்லை. டெபியன், உபுண்டு போன்ற வெளியீடுகள் கிட்டத்தட்ட எல்லாச் சாதனங்களுக்கும் ‘ஆம்’ என்று முன்கூட்டியே விடை எழுதிவிடுகின்றன. 512 எம்பி நினைவகமும் இருபது வயதுச் செயலியும் கொண்ட மடிக்கணினிக்கு அந்தச் சுமை அதிகம். அதற்கென்று யாராவது உட்கார்ந்து விடை எழுத வேண்டியிருக்கிறது.

அப்படி எழுதும்போது தொழில்நுட்பத்தைத் தாண்டிய ஒரு கேள்வி எழுகிறது. வட்டு மாற்றப்பட்டது, நினைவகம் மாற்றப்பட்டது, கெர்னலும் புதிது. இதற்குப் பிறகு ‘அதே கணினி’ என்று எதைச் சொல்வது? அதைக் காப்பது கடமை என்றால், யாருடைய கடமை, எதுவரை?

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி ஏட்டோடு நிற்பதில்லை. நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் மதிப்பிட்டது. 2021 ஜூலை 1 முதல், விற்ற சாதனங்களின் முடிவுக்கும் தயாரிப்பாளர்களே பொறுப்பேற்கும் திட்டம் நடப்பில் இருக்கிறது. தேக்காவின் ஓரத்தில் பல பத்தாண்டுகள் நடந்த சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. பிறர் கழித்த கைப்பேசியும் மடிக்கணினியும் அங்கே இரண்டாவது வாழ்வு தேடிக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர் மின்னணு உதிரிபாகங்களுக்குப் பேர்போனது. 2020இல் கொவிட் முடக்கத்தின்போது மாணவர்கள் வீட்டிலிருந்து கற்க வேண்டி வந்ததும், ‘எஞ்சினியரிங் குட்’ என்ற தொண்டு அமைப்பின் தன்னார்வலர்கள் பழைய மடிக்கணினிகளைத் திரட்டிச் சீர்செய்து வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். எவரோ ‘இது முடிந்துவிட்டது’ என்று தீர்ப்பளித்த பொருள்களே ஒரு பிள்ளையின் வகுப்பறை ஆயின.

கெர்னல் அமைப்பில் முதலில் தீர்க்க வேண்டியது செயலியின் குடும்பம். 2003இல் வந்த பென்டியம் எம் செயலிகளின் முதல் தலைமுறை இதற்கு நல்ல உதாரணம். விரிந்த நினைவக முகவரியைக் கையாளும் திறன் அவற்றில் உண்டு. ஆனால் அந்தத் திறன் இருப்பதாக அவை அறிவிப்பதில்லை. அதனால் அத்திறனைக் கட்டாயமாக எதிர்பார்க்கும் கெர்னல்கள் அந்த மடிக்கணினிகளில் தொடங்க மறுத்தன. பிற்பாடு, ‘இருப்பதாகவே கொள்’ என்று பயனர் ஆணையிடும் வழி கெர்னலில் சேர்க்கப்பட்டது. அடுத்தது நினைவகம். 32 பிட் கெர்னல் நேரடியாகக் கையாளும் அளவு ஏறக்குறைய 896 எம்பி. அதற்குக் குறைவாக உள்ள கணினிக்கு உயர்நினைவக வசதியே தேவையில்லை. அதை நீக்கினால் கெர்னலின் வேலை எளிதாகும். நினைவகத்தின் ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி வைக்கும் ‘இசட்ரேம்’ வசதியைச் சேர்த்தால், மெதுவான வட்டை அடிக்கடி நாட வேண்டியிருக்காது. வட்டு இயக்கியையும் கோப்பமைப்பையும் கெர்னலோடு ஒட்டியே வைத்துவிட்டால் தொடக்கத்துக்கென்று தனிக் கோப்புத் தொகுப்பு வேண்டாம். தொகுக்கும் வேலையை அந்தக் கணினியிலேயே செய்வது வீண். அது இரவு முழுதும் திணறும். வலுவான வேறொரு கணினியில் தொகுத்து எடுத்துச் செல்வதே வழக்கம்.

ஆயிரக்கணக்கான கேள்விகளை ஒவ்வொன்றாகப் படிக்காமல் சுருக்கும் வழியும் உண்டு. ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ என்ற ஆணை, அந்த நேரத்தில் கணினியில் ஏறியிருக்கும் இயக்கிப் பகுதிகளைப் பார்த்து, ஏறாத மற்றவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆணையிட்ட வேளையில் அச்சுப்பொறி செருகப்படாமல் இருந்தால், அதற்கான இயக்கி கழிந்துபோகும். புதிய கெர்னலில் அந்த அச்சுப்பொறி எத்தனை முறை செருகினாலும் வேலை செய்யாது.

இந்திய அளவை நூல்கள் நெடுங்காலம் வாதிட்ட சிக்கலே இது. ஒரு பொருள் காணப்படாததைக் கொண்டு அது இல்லை என்று அறியலாமா? மீமாம்சையின் பாட்டப் பிரிவும் அத்வைதமும் காணாமையைத் தனியொரு அளவையாக ஏற்றன. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தன. இருந்திருந்தால் நிச்சயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில்தான் காணாமை இன்மைக்குச் சான்றாகும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்று சொல்ல முடியாது. மணிமேகலையில் அளவைவாதி எடுத்துரைக்கும் பத்து அளவைகளில், இன்மையை அறியும் அபாவமும் ஒன்று. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவையியல் இவ்வகைப் பட்டியலைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. கெர்னல் அமைப்பவர் கடைப்பிடிக்கும் நடைமுறை விதி அந்தப் பழைய நிபந்தனையேதான். எல்லாச் சாதனங்களையும் செருகி, கம்பியில்லா இணைப்பை இயக்கி, ஒலியை ஒருமுறை ஒலிக்கவிட்டு, அதன் பிறகே அந்த ஆணையை இட வேண்டும். ஒன்றை ‘இல்லை’ என்று எழுதும் உரிமை, அது இருந்தால் தெரியும்படி வெளிச்சம் போட்ட பிறகே வருகிறது.

அமைத்து முடித்த கணினி பழையதா, புதியதா என்பதில் தரிசனங்கள் வேறுபடும். நியாய வைசேடிகர் முழுப்பொருளை உறுப்புகளிலிருந்து வேறான ஒன்றாகக் கொண்டார்கள். அவர்கள் கணக்கில் ஓர் உறுப்பு நீங்கினாலே பழைய முழுமை அழிந்து வேறொன்று தோன்றும். நினைவகத்தை மாற்றிய அன்றே அது வேறு கணினி. மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டிப் பேசிய பௌத்த துறவி நாகசேனர், உறுப்புகளுக்கு அப்பால் தேர் என்று ஒன்றில்லை, அது ஒரு வழக்குச் சொல்லே என்றார். பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பலை வைத்துக் கிரேக்கர்கள் நடத்திய வாதமும் இதே இடத்தைச் சுற்றியதுதான். சைவ சித்தாந்தம் சற்காரியவாதத்தை ஏற்பது. காரியம் காரணத்தில் முன்பே அடங்கியிருக்கிறது என்பது அதன் நிலை. கெர்னலுக்கு அது பொருந்துவதுபோல் தோன்றும். ஒரே மூலநிரலுக்குள் கைப்பேசிக்கான கெர்னலும் மீத்திறன் கணினிக்கான கெர்னலும் பழைய மடிக்கணினிக்கான கெர்னலும் ஒடுங்கியிருக்கின்றன. விடைகள் அவற்றில் ஒன்றை வெளிப்படுத்துகின்றன.

ஆனால் ஒப்புமையை இங்கே நிறுத்துவது நேர்மை. சித்தாந்தப்படி கணினி சடம். அறிவது உயிர் மட்டுமே. உயிருக்குச் சார்ந்ததன் வண்ணமாதல் இயல்பு என்று கூறும் மரபு, கருவிக்கு அத்தகைய தன்மையைத் தராது. ஆகவே ‘அதே கணினி’ என்னும்போது தொடர்வது கருவிக்குள் இருக்கும் ஏதோ ஒன்றல்ல. அதைக் கையாளும் உயிருக்கும் அதற்கும் உள்ள உறவு தொடர்கிறது. இந்த முடிவே மற்றவற்றைவிட வலுவானது. சிங்கப்பூர்க் கோயில்களின் நடைமுறையும் அதையே காட்டுகிறது.

சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் நாராயண பிள்ளை மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழுப்பியது. 1843இல் அது செங்கல் கட்டடம் ஆனது. இன்றைய கோபுரம் 1925இல் எழுந்தது. 1960களில் அதில் சுதைச் சிற்பங்கள் கூடின. முதல் கோயிலின் பொருள் எதுவும் கட்டடமாக எஞ்சவில்லை. ஆனாலும் அதைத் தீவின் மிகப் பழைய இந்துக் கோயில் என்று சொல்வதில் யாருக்கும் தயக்கமில்லை. 1827இல் நிறுவப்பட்ட சின்ன அம்மனே கருவறையில் தொடர்வதாகக் கோயில் வரலாறு சொல்கிறது. 2023 பிப்ரவரி 12இல் அங்கே குடமுழுக்கு நடந்தது. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் 2018 ஏப்ரல் 22இல் நடந்தது.

குடமுழுக்குக்கு முந்தைய திருப்பணியின் ஒழுங்கு கவனிக்கத் தக்கது. முதலில் பாலாலயம். தெய்வ ஆற்றலைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி அங்கே வழிபாடு தொடரும். கொத்தரும் வண்ணம் பூசுவோரும் அதன் பிறகே கோயிலில் கை வைப்பார்கள். சிலையைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தன மருந்து புதிதாக இடிக்கப்பட்டுச் சாத்தப்படும். இறுதியில் யாகசாலைக் குடநீர் கலசத்தின் மீது விழும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இது வேண்டும் என்பது வழக்கு. கல்லும் சுதையும் தேயும் என்பதை முன்பே ஒப்புக்கொண்டு வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. பொருள் மாறலாம், வழிபாடு அறுபடக்கூடாது என்பதே அதன் உட்கிடை. பழைய கெர்னலை அழிக்காமல் தொடக்கப் பட்டியலில் வைத்துக்கொண்டே புதியதைச் சோதிக்கும் வழக்கத்திலும் இந்த அக்கறை இருக்கிறது.

எதுவரை என்ற கேள்விக்கும் ஆகம மரபில் இடமுண்டு. சிறு பழுதுள்ள திருவுருவைச் செப்பனிடலாம். முதன்மை உறுப்பு சிதைந்தால் அதை நீக்கிப் புதியது நிறுவ வேண்டும். நீக்கிய மரவுருவைத் தீயிலும் கல்லுருவை ஆழ்ந்த நீரிலும் சேர்ப்பது முறை. அலட்சியத்தால் விடுவதற்கும் முறையாக விடுவதற்கும் இடையே தெளிவான கோடு அங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது.

கெர்னலிலும் அந்தக் கோடு உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கியது 386 செயலியில். அந்தச் செயலிக்கான ஆதரவு 2013இல் வந்த 3.8 பதிப்போடு நீக்கப்பட்டது. பிறந்த வீடு என்பதற்காக அதைக் காத்திருந்தால், அதன் குறைகளுக்கென எழுதிய சிறப்பு நிரல்களை மற்றக் கணினிகளுக்காக உழைப்பவர்கள் என்றென்றும் சுமக்க வேண்டியிருந்திருக்கும். நெகிழ்வட்டு இயக்கியின் கதை வேறு. அதைப் பேணியவரிடம் சோதிக்க வன்பொருள் இல்லாமல் போனதால் 2019இல் அது ஆதரவற்றது என்று குறிக்கப்பட்டது. சில வாரங்களில் வேறொருவர் பொறுப்பேற்க முன்வந்தார், இயக்கி நிலைத்தது. இரண்டிலும் வயது முடிவு செய்யவில்லை. பேணுபவர் இருக்கிறாரா, அவர் பேணுவதன் செலவு யார் தலையில் விழுகிறது என்ற இரண்டுமே முடிவு செய்தன.

அந்தச் செலவை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய மேசைக் கணினிகள் சில, அதே வேலைக்குப் புதியதைவிடப் பன்மடங்கு மின்சாரம் தின்கின்றன. 2018இல் வெளிப்பட்ட மெல்ட்டவுன் போன்ற செயலிக் குறைகளுக்கான காப்பு பழைய செயலிகளை மேலும் மெதுவாக்குகிறது. அதை அணைத்துவைக்கும் தெரிவு இருந்தாலும், வலையில் இணைந்த கணினி கைப்பற்றப்பட்டால் கேடு உரிமையாளரோடு நிற்காது. 2025இல் வந்த டெபியன் 13, 32 பிட் இன்டெல் கணினிகளுக்குக் கெர்னலையும் நிறுவியையும் தருவதை நிறுத்திவிட்டது. இனி அத்தகைய கணினியை வைத்திருப்பவர், நீண்டகால ஆதரவுள்ள கெர்னல் கிளையொன்றைத் தேர்ந்து, பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் பழைய விடைகளைப் புதிய பதிப்புக்குக் கொண்டுசென்று, புதிதாக எழும் கேள்விகளுக்கு மட்டும் விடை சேர்த்து மறுபடி தொகுக்க வேண்டும். அதற்கு மனமோ நேரமோ இல்லாதவர் கணினியை வலையிலிருந்து விலக்கி எழுத்துக்கும் இசைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதுவும் முடியாதபோது, தரவை அழித்து, பயன்படும் நினைவகத்தையும் வட்டையும் வேறொரு கணினிக்குக் கொடுத்து, மீதத்தைச் சமூக மன்றங்களிலும் கடைத்தொகுதிகளிலும் வைக்கப்பட்டுள்ள மின்கழிவுப் பெட்டியில் சேர்ப்பதே முறை. விடைகள் அடங்கிய அமைவுக் கோப்பு வெறும் உரைக் கோப்பு; அதே வகைக் கணினியை இன்னும் பேணுகிற ஒருவருக்கு அது அப்படியே உதவும்.