வென்றவன் எதை வென்றான்?

நாட்டை வெல்ல வேண்டும் என்னும் ஆசை அரசனுக்குக் குற்றமன்று; அது க்ஷத்ரிய தர்மத்தைச் சேர்ந்ததே என்பர் பெரியோர். அவ்வாசை எந்த அளவில் தர்மமாக நிற்கிறது, எவ்விடத்தில் அஹங்காரமாக மாறுகிறது என்பதே ஆராயத்தக்கது. இதற்கு விஜயநகரப் பேரரசர் ஸ்ரீ க்ருஷ்ணதேவராயரின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

அவர் 1509-இல் அரியணை ஏறினார். அதற்கு முன் நிகழ்ந்ததாக ஒரு வரலாற்றைப் போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிஸ் எழுதி வைத்துள்ளார். மரணப் படுக்கையிலிருந்த தமையன் வீரநரசிம்மர், தம் இளம் மகனுக்கே பட்டம் சேர வேண்டுமென்று, தம்பியின் கண்களைப் பறித்துவரும்படி அமைச்சர் ஸாளுவ திம்மரசருக்குக் கட்டளையிட்டாராம். திம்மரசரோ ஆட்டின் கண்களைக் காட்டித் தம்பியைக் காத்தார்.

அவ்வாறு காக்கப்பெற்றவர் பெருவீரராக விளங்கினார். கலிங்கத்துக் கஜபதியின் வசமிருந்த உதயகிரியையும் கொண்டவீட்டையும் வென்றார். 1516-இல் பகைவனின் நாட்டிலுள்ள ஸிம்ஹாசலத்தை அடைந்தபோது, எம்பெருமானை ஸேவித்து ஆபரணங்களை ஸமர்ப்பித்தார். பின்னர் ஸமாதானம் ஏற்பட்டதும், க்ருஷ்ணா நதிக்கு வடக்கே தாம் வென்ற நிலத்தைக் கஜபதிக்கே திருப்பித் தந்து, அவன் மகளை மணந்தார். பகை உறவாயிற்று. வென்றதைத் திரும்பக் கொடுக்கும் மனமே வெற்றிக்கு அழகு.

1520-இல் ராய்ச்சூர்ப் போரில் பீஜப்பூர் ஸுல்தானை வென்றார். இம்முறை நிகழ்ந்தது வேறு. இழந்ததைத் திரும்பக் கேட்ட ஸுல்தான், நேரில் வந்து தம் பாதத்தை முத்தமிட வேண்டும் என்று மன்னர் விதித்ததாக நூனிஸ் கூறுகிறார். ஸுல்தான் வரவில்லை, மன்னரின் சேனை பீஜப்பூர் வரை சென்றது. மன்னர் மறைந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1565-இல் தக்காண ஸுல்தான்கள் ஒன்றுகூடித் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரத்தை வீழ்த்தினர். அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆயினும் தோற்றவனை அவமதித்தால் பகை அடங்காது, வளரும் என்பதை மறுப்பாரில்லை.

இறுதிக் காலத்தில் மன்னரின் இளம் மகன் இறந்தான். விஷம் கொடுக்கப்பட்டதென்னும் ஐயம் திம்மரசர் குடும்பத்தின்மேல் விழுந்தது. கோபத்தால் மன்னர், தம் கண்களைக் காத்த அந்த முதியவரின் கண்களையே பறிக்கச் செய்தார் என்று நூனிஸ் எழுதுகிறார்.

இவர் பக்தியில்லாதவரா? ஆண்டாள் சரிதத்தை ‘ஆமுக்தமால்யதா’ என்னும் தெலுங்குக் காவியமாகப் பாடியவர். திருவேங்கடமுடையானைப் பலமுறை ஸேவித்தவர். அத்தகையவரையும் க்ரோதம் ஒரு கணத்தில் வீழ்த்திற்று எனில், ஏனையோர் எவ்வளவு விழிப்புடன் இருத்தல் வேண்டும்! கோட்டைகளை ஒருமுறை வென்றால் போதும். மனத்தையோ நாள்தோறும் வெல்ல வேண்டும்.

திருமலைக் கோயிலினுள்ளே இரு தேவிமாருடன் கைகூப்பி நிற்கும் அம்மன்னரின் செப்புத் திருவுருவத்தை இன்றும் காணலாம். அவர் வென்ற கோட்டைகள் பிறர் கைக்குப் போயின. கூப்பிய கைகள் மட்டும் எம்பெருமான் ஸந்நிதியில் நிலைத்தன. இல்லத்திலும் தொழிலிலும் சிறு வெற்றிகளைப் பெறும் ஒவ்வொருவரும், தம்மிடம் தோற்றவரை நடத்தும் முறையிலேயே தம்மை அளந்துகொள்ளலாம். அந்த விவேகத்தை எம்பெருமான் யாவர்க்கும் அருள்வானாக.